பெயர் இருக்கும் கோப்பைக் கேட்கலாமா? ஆர்டிஐ சட்டத்தில் மாறியதும் மாறாததும்

"தாங்கள் கோரிய தகவல் தனிநபர் சம்பந்தப்பட்டது. பிரிவு 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வரி புதிதில்லை. ஆனால் 2025 நவம்பரிலிருந்து இந்த வரிக்குப் பின்னால் நிற்கும் சட்டமே மாறிவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் 44(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகள் வெளியானபோது இந்தப் பிரிவும் உடனே அமலுக்கு வந்தது. ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) திருத்தி எழுதப்பட்டது இதன் வழியாகத்தான்.

இதோடு ஆர்டிஐ முடிந்தது என்கிறார்கள் சிலர். எதுவும் மாறவில்லை என்கிறது அரசுத் தரப்பு. சென்னையில் ஒரு வடிகால் வேலையின் கோப்பையோ, வீடு ஒதுக்கீட்டுப் பட்டியலையோ கேட்க நினைப்பவர் இதில் எதை நம்புவது? சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

## சட்டம் எதைத் தருகிறது

ஆர்டிஐ சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருக்கும் எதையும் கேட்டுப் பெற இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் அது உரிமை தருகிறது. கோப்பு, கடிதம், ஒப்பந்தம், அறிக்கை, கணினியில் இருக்கும் தரவு எல்லாமே தகவல்தான். நகல் வாங்கலாம். நேரில் போய்க் கோப்பைப் புரட்டிக் குறிப்பெடுக்கலாம். நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பார்வையிடலாம். சாலைக்குப் போட்ட கலவையில் சான்றிட்ட மாதிரி கேட்கவும் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. கடைசி இரண்டையும் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

விளக்கம் கேட்க மட்டும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. "எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை ஏன் பாதியில் நிற்கிறது?" என்று எழுதினால், இது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். அந்தப் பதிலைக் குறைசொல்லவும் முடியாது. கையில் இருக்கும் பதிவைத் தருவதுதான் அலுவலரின் கடமை, கருத்துச் சொல்வதும் ஆலோசனை தருவதும் இல்லை என்று விடைத்தாள் தொடர்பான ஒரு வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்தத் தெருவின் வடிகால் பணிக்கான எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், இதுவரை பணம் கொடுத்த பில்கள், கால நீட்டிப்பு தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றின் நகல்." வேலை ஏன் நிற்கிறது என்பது பெரும்பாலும் இந்தக் காகிதங்களிலேயே இருக்கும். எந்தத் தேதி வரை எத்தனை மீட்டர் தோண்டியதாக அளவெடுத்தார்கள், அதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எம்-புக்கில் இருக்கிறது. தெருவில் கண்ணுக்குத் தெரிவதோடு அதை ஒப்பிட்டால் போதும்.

## மனு நடக்கும் பாதை

நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. மனு போக வேண்டிய இடம் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். அலுவலகம் மாறிப்போனால் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 6(3)-ன்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையிலிருந்து மண்டல அலுவலகம், அங்கிருந்து குடிநீர் வாரியம் என்று "6(3) போட்டுத் தள்ளுவது" நடக்கத்தான் செய்கிறது. சாலையும் வடிகாலும் மாநகராட்சி, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியம், பெரிய கட்டடங்களின் திட்ட அனுமதி சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) என்று முதலிலேயே பிரித்து அனுப்பினால் அலைச்சல் குறையும்.

2. தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவது எளிது. தெற்கு ரயில்வே, பாஸ்போர்ட் அலுவலகம், வருமான வரி அலுவலகம் எல்லாம் சென்னையில் இருந்தாலும் மத்திய அரசைச் சேர்ந்தவை. அங்கே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வேண்டாம், போஸ்டல் ஆர்டர் வைக்கலாம் அல்லது இணையத்தில் கட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணமே இல்லை.

3. தமிழிலேயே எழுதலாம். என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதியது. சில நாட்களிலேயே அந்த நீதிமன்றமே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் தேவைப்படும்.

4. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் மறுத்ததாகவே பொருள். அப்புறம் கொடுக்கும் நகல்களுக்குக் காசு வாங்கக் கூடாது.

## 8(1)(ஜே) நேற்று எப்படி இருந்தது

எதையெல்லாம் மறுக்கலாம் என்று பிரிவு 8(1) ஒரு பட்டியல் தருகிறது. நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம், நடந்துகொண்டிருக்கும் விசாரணை என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பது (ஜே), அதாவது தனிநபர் தகவல்.

பழைய (ஜே) ஒரு தராசு மாதிரி. தனிநபர் தகவல் என்பதற்காக மட்டும் எதையும் மறுத்துவிட முடியாது. அது எந்தப் பொது நடவடிக்கையோடும் பொதுநலனோடும் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும்கூட, பெரிய பொதுநலன் இருக்கிறது என்று தகவல் அலுவலரோ மேல்முறையீட்டு அலுவலரோ கருதினால் கொடுக்கலாம். இதோடு ஓர் அருமையான வரியும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. எம்எல்ஏ கேள்வி எழுப்பிப் பெறக்கூடிய தகவலை வியாசர்பாடியில் இருக்கும் ஒரு வாக்காளரும் 10 ரூபாயில் பெறலாம் என்ற சமத்துவம் அந்த வரியில் இருந்தது.

இந்தத் தராசை அலுவலகங்கள் எப்போதும் நேர்மையாகப் பிடித்தன என்று சொல்ல முடியாது. 2012-ல் ஓர் அரசு ஊழியர் தொடர்பான வழக்கில், அவருக்கு வந்த மெமோக்கள், ஒழுங்கு நடவடிக்கை, வருமான வரிக் கணக்கு எல்லாம் தனிநபர் தகவல் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஊழியர்கள் பற்றிய எதைக் கேட்டாலும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி மறுப்பது வழக்கமானது. ஆனாலும் சட்டத்தின் எழுத்து மனுதாரர் பக்கம் இருந்தது. மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டி வாதாட முடிந்தது.

திருத்தத்துக்குப் பிறகு (ஜே)-வில் எஞ்சியிருப்பது "தனிநபர் தகவல் சம்பந்தப்பட்ட தகவல்" என்பது மட்டும். பொது நடவடிக்கை, அந்தரங்கத்தில் நுழைதல், பொதுநலன் என்ற மூன்று சோதனைகளும் (ஜே)-வை விட்டுப் போய்விட்டன. சட்டமன்றத்துக்கு இணையாகக் குடிமகனை வைத்த வரியும் போய்விட்டது. தனிநபர் தகவல் என்றால் என்ன என்று ஆர்டிஐ சட்டத்தில் விளக்கமும் இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்தை எடுத்துக்கொண்டால், ஒரு மனிதரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் அதில் அடங்கும். அரசுக் கோப்பில் யாருடைய பெயரும் இல்லாத பக்கம் எத்தனை இருக்கும்?

## பெயர்தான் தகவல் என்னும் இடங்கள்

இந்தச் சட்டம் பிறந்த கதையே பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறது. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் அரசு நிவாரண வேலைகளின் வருகைப் பதிவேட்டு நகல்களை வாங்கி, ஊர் மக்களைக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி. இறந்துபோனவர்கள் பெயரில் கூலி. கட்டாத கட்டடத்துக்குப் பில். பெயரை மறைத்துவிட்டு "35 பேருக்குக் கூலி கொடுத்தோம்" என்று மட்டும் வாசித்திருந்தால் அந்தக் கூட்டங்களில் யாராலும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அருணா ராயும் அவரோடு இருந்தவர்களும் நடத்திய அந்தப் போராட்டம்தான் நாடு தழுவிய சட்டமாக வளர்ந்தது. அதற்கு முன்பே, 1997-ல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. விலக்குகள் மிகுந்த சட்டம்தான் என்றாலும் அந்தப் பெருமை நமக்கு உண்டு.

சென்னைக்கு வருவோம். நீர்நிலைக் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் வீடு ஒதுக்குகிறது. கணக்கெடுப்பில் இருந்த குடும்பத்துக்கு வீடு வந்ததா, அந்தத் தெருவில் வாழவே வாழாத ஒருவருக்குப் போனதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஒதுக்கீட்டுப் பட்டியலை அந்தத் தெருக்காரர்களே படிப்பதுதான். அங்கே எண்ணிக்கையால் எந்தப் பயனும் இல்லை. முதியோர் உதவித்தொகைப் பட்டியலும் அப்படியே, அம்மா உணவகத்தில் வேலை பார்ப்பவர்களின் வருகைப் பதிவேடும் அப்படியே. பெயரை அழித்துவிட்டு இவற்றைக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம்.

திருத்தத்தின் முழு பாரமும் விழுவது இங்கேதான். அந்தரங்கம் என்ற பெயரில் காப்பாற்றப்படுவது ஏழையின் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணுமாக இருந்தால் நல்லது. அவர் பெயரில் வேறு யாரோ பணம் எடுப்பது மறைக்கப்படுமானால், இந்தப் பாதுகாப்பு யாருக்கு என்று கேட்காமல் இருக்க முடியாது.

## அரசுத் தரப்பின் வாதம்

அதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு ஏற்பத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது உண்மைதான். அரசு சொல்வது இரண்டு: ஆர்டிஐ சட்டத்தின் 8(2) அப்படியே இருக்கிறது, எனவே பொதுநலன் இருந்தால் தகவல் கொடுக்கலாம். வேறு சட்டங்களின்படி வெளியிட்டே ஆக வேண்டிய தரவுக்குப் புதிய சட்டம் தடை போடவில்லை.

இரண்டும் சரிதான். ஆனால் 8(2)-ஐ நம்பி மட்டும் இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் அந்தப் பொது அமைப்பு தகவலை "அனுமதிக்கலாம்" என்றுதான் அது சொல்கிறது. அந்தப் பொதுநலன் என்ன என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தானே எடைபோட முடியும்? மனுதாரர்தான் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் கேட்கக் கூடாது என்கிறது 6(2). அந்தக் காரணத்தை இப்போது நாமே முன்வந்து எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. என் பார்வையில் இந்தத் திருத்தத்தின் மிகப் பெரிய விளைவு இதுதான். கேட்பவர் உரிமையோடு கேட்டதை, இனி நியாயப்படுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதோடு பயமும் சேர்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்த அபராதம் ஆர்டிஐ பதிலுக்காகப் போடப்பட்டதல்ல, தரவைக் காக்கத் தவறும் அமைப்புகளுக்கானது. ஆனாலும் பெயர் உள்ள ஒரு பக்கத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உதவிப் பொறியாளரோ கண்காணிப்பாளரோ தயங்குவார். தகவலை மறுத்தால் தனக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம், அதுவும் அரிதாக. கொடுத்தால் என்ன வருமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

## இன்னும் கையில் இருப்பவை

சரி, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? திருத்தம் தொடாத பிரிவுகள் இவை.

1. பிரிவு 4(1)(பி). யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்கள் இதில் இருக்கின்றன. அலுவலர்களின் பெயர்ப் பட்டியல், அவர்களின் மாதச் சம்பளம், மானியத் திட்டப் பயனாளிகளின் விவரம், சலுகையோ அனுமதியோ பெற்றவர்களின் விவரம் எல்லாம் அதில் அடக்கம். பயனாளிப் பட்டியலும் கட்டட அனுமதி பெற்றவர் பட்டியலும் தனிநபர் தகவல் என்று சொன்னால், அதை வெளியிடச் சட்டமே கட்டளையிடுகிறது என்று பதில் சொல்லலாம். சட்டப்படி வெளியிட வேண்டிய தரவுக்குத் தான் பொருந்தாது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 3(சி)-யும் சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் வலுவான வாதம்.

2. பிரிவு 10. ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணுக்காக முழுக் கோப்பையும் மறுக்க முடியாது.

3. பிரிவு 8(3). 20 ஆண்டுக்கு முன் நடந்த விஷயம் என்றால் (ஜே) பொருந்தாது. பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் தொடர்பான மூன்று விலக்குகள் மட்டுமே அதற்குப் பிறகும் நிற்கும். பழைய நில ஒதுக்கீடு, பழைய பட்டா மாற்றம் பற்றிக் கேட்பவர்களுக்கு இது பெரிய ஆயுதம், கோப்பு அழிக்கப்படாமல் இருந்தால்.

4. நிறுவனங்கள். தனிநபர் தரவு என்பது மனிதர்களைப் பற்றியது. டெண்டர் எடுத்தது ஒரு கம்பெனி என்றால் அதன் பெயருக்கும் ஒப்பந்தத் தொகைக்கும் இந்த விலக்கு பொருந்தாது. வணிக ரகசியம் என்று வேறு விலக்கைக் காட்டலாம், ஆனால் வேலை முடிந்து அரசுப் பணம் கைமாறிய பிறகு அதில் ரகசியம் என்று சொல்ல அதிகம் மிச்சமிருக்காது.

## மனுவில் என்ன மாற்ற வேண்டும்

முன்பெல்லாம் "பட்டியல் நகல் வேண்டும்" என்று எழுதினால் போதும். இனி கீழே இரண்டு மூன்று வரிகள் சேர்ப்பது நல்லது. உதாரணம்:

"இந்தத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல், பெயர், கதவு எண், ஒதுக்கீட்டுத் தேதியுடன் தேவை. இது பிரிவு 4(1)(பி)-ன்படி அலுவலகமே வெளியிட வேண்டிய தகவல். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் தேவையில்லை, அவற்றைப் பிரிவு 10-ன்படி மறைத்துத் தரலாம். அரசுப் பணம் உரியவர்களுக்குச் சென்றதா என்று சரிபார்ப்பதில் பொதுநலன் இருப்பதால் பிரிவு 8(2)-ம் பொருந்தும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் 8(2) பற்றி யாருமே யோசிக்க மாட்டார்கள். வேண்டாத விவரத்தை நாமே விலக்கிவிடுவதால், எல்லாவற்றையும் சேர்த்து மறுக்கும் வசதியும் அலுவலருக்குப் போய்விடுகிறது. அடுத்தவரின் அந்தரங்கத்தை மதிப்பதும் அதிலேயே வந்துவிடுகிறது, அதுவும் நம் கடமைதான்.

நகல் தர மறுப்பார்கள் என்று தோன்றினால் கோப்பைப் பார்வையிட அனுமதி கேட்பது ஒரு வழி. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று நேரில் குறித்துக்கொண்டு அதை மட்டும் நகல் கேட்கலாம். மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பின்னால் கெடுவை நிரூபிக்க அந்தத் துண்டுச் சீட்டு வேண்டும்.

## மறுப்பு வந்தால்

முதலில், மறுப்புக் கடிதத்தில் காரணமும், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிவு 8(1)(ஜே) என்று எண்ணை மட்டும் எழுதுவது காரணம் ஆகாது.

அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. அவர் 30 நாட்களில், அதிகபட்சம் 45 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் பலனில்லை என்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மத்திய அரசு அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆணையத்துக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன: பிரிவு 18-ல் புகார், பிரிவு 19-ல் மேல்முறையீடு. புகாரில் போனால் அலுவலருக்குத் தண்டம் போட வைக்கலாம், தகவலைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்க முடியாது. மணிப்பூர் தொடர்பான வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. கோபத்தில் நேராகப் புகார் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, காகிதம் கைக்கு வராமல் போனவர்கள் நிறையப் பேர். தகவல்தான் வேண்டும் என்றால் 19-ன் வழியில் போங்கள்.

இரண்டாம் மேல்முறையீட்டை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று சட்டத்திலேயே உறுதியாக இருந்ததும் 2019 திருத்தத்தோடு போய், இப்போது மத்திய அரசின் விதியால் 3 ஆண்டாகிவிட்டது. அரசைக் கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியின் காலத்தை அரசே முடிவு செய்வது நல்ல ஏற்பாடு இல்லை. ஆனாலும் விசாரணை நாளில் மனுதாரருக்குச் சாதகமான ஒரு விதி அப்படியே நிற்கிறது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிரிவு 19(5)-ன்படி, மறுத்த அலுவலருடையது. தனிநபர் தகவல் என்று சொன்னால் எந்தப் பக்கத்தில் எந்த வரி, அது 4(1)(பி)-க்குள் ஏன் வராது, பிரிவு 10-ன்படி அதை மறைத்துக் கொடுக்க ஏன் முடியவில்லை, 8(2)-ன்கீழ் எடைபோட்ட குறிப்பு கோப்பில் எங்கே என்று இந்த நான்கையும் மேல்முறையீட்டிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.